கீரைக்குப் போறோம்

என்ன கேட்டீங்க தம்பி? வேலி ஓரமா ஓடுச்சே, அதுவா? முயல்தான். காதை நட்டுக்கிட்டுப் போச்சே, பாக்கலையா? நீங்க பூனைன்னு நெனச்சீங்களாக்கும். டவுன்காரங்களுக்கு நாலு காலும் மயிரும் இருந்தா எல்லாம் பூனைதான். கோவிச்சுக்காதீங்க, சும்மா சொன்னேன்.

இப்பிடி நகந்து உக்காருங்க, சாரல் அடிக்குது. இல்ல, அந்தப் பை எம் மடியிலயே இருக்கட்டும். கீழ வைக்கக் கூடாது, உள்ள சூடம் இருக்கு. கட்டிச் சூடம். இது ஒண்ணு வாங்கத்தான் காலையில டவுனுக்குப் போனேன். எதுக்குன்னு சொல்றேன். மொதல்ல முயலைக் கேட்டீங்கல்ல, அதைச் சொல்லிருறேன். கேட்டவருக்குச் சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. எங்க ஊரு நாவலோடை போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்கு. இந்தப் பஸ் டிரைவரு ஆட்டுக்குட்டிக்கும் நின்னு வழிவிட்டுப் போற ஆளு.

எம் பேரு வெயில்முத்து. எங்க ஊருல வலைக்கார வெயில்முத்துன்னு கேட்டீங்கன்னா சின்னப் பிள்ளை காட்டும். முயல் வலை கட்டுறதுல என் கை வேற. நானா சொல்லக் கூடாது, ஆனா வேற யாரு சொல்லப் போறா.

கேளுங்க. முயலைத் தேடிப் போறவன் முயலைத் தேடக் கூடாது. புழுக்கையைத் தேடணும். கையில எடுத்து ரெண்டு விரலால நசுக்கிப் பாக்கணும். மூஞ்சியச் சுழிக்காதீங்க, அது திங்கிறது புல்லு, ஒரு நாத்தமும் இருக்காது. உள்ள பச்சையா, ஈரமா இருந்தா நேத்து மேஞ்சது. வைக்கோல் நெறத்துல பொடிப்பொடியா உதுந்துச்சுன்னா அந்த முயல் எப்பவோ ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிருச்சு. அங்க வலை கட்டுனா ஓணான்தான் விழுகும்.

பெறகு படுகை. நம்ம நாட்டு முயல் வளை தோண்டாது தம்பி. புல்லுக்குள்ள அதோட ஒடம்பு அளவுக்கு ஒரு குழியை அமுக்கி வச்சு, காதை மடிச்சுப் போட்டுப் படுத்துருக்கும். கால் வைக்கிற தூரத்துக்கு வந்தாலும் அசையாது. நாம பாக்கலைன்னு அதுக்கு ஒரு நம்பிக்கை. படுகை காலியா இருந்தா கையை வச்சுப் பாருங்க. சூடு இருந்தா ஆளு இப்பத்தான் எந்திரிச்சுப் போயிருக்காரு.

காத்தைப் பாக்கணும். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலை விரிச்சு விட்டா அது எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியும். காத்து நம்ம மூஞ்சியில அடிக்கணும், முதுகுல அடிக்கக் கூடாது. பீடி கூடாது. வாசனை சோப்புக் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது. என் மாப்ள சங்கிலி, எந் தங்கச்சி புருசன், வேட்டைன்னா மொத நாளே குளிக்கிறதை நிறுத்திருவான். எந் தங்கச்சி இருளாயி அவனை வீட்டுக்குள்ள விடமாட்டா, வாசல்லயே சோத்தைப் போட்டுத் தள்ளிருவா. அவன் பேச்சை எடுக்கக் கூடாதுன்னு நெனச்சேன். எடுத்துட்டேன். சரி விடுங்க.

முக்கியமான விசயம் சரிவு. முயலுக்குப் பின்னங்கால் நீளம். மேட்டுல ஏறி ஓடுச்சுன்னா எந்த நாயாலயும் தொட முடியாது. எறக்கத்துல விரட்டுனா அதுக்கே கால் இடறி உருளும். அது எப்பவும் மேட்டைப் பாத்துத்தான் ஓட நெனைக்கும். அதனால வலையை மேட்டுல கட்டணும், ஆளும் நாயும் கீழ இருந்து கெளப்பணும். பொதருக்கும் பொதருக்கும் நடுவுல அது வழக்கமா போற தடத்துல, வலை தொய்வா நிக்கணும். விறைப்பாக் கட்டுனா மோதித் திரும்பிரும். தொய்வா இருந்தா சுத்திக்கிரும். மடி கனத்த சினை முயல் விழுந்துச்சுன்னா கையால தடவிப் பாத்து விட்டுறணும். எங்க ஊருல அதை யாரும் மீற மாட்டோம்.

இதெல்லாம் ரெண்டாவது தம்பி. மொதப் பாடம் வேற. மொதப் பாடம் வாய்.

வேட்டைக்குப் போறவன் வாயைக் கட்டணும். நாங்க முயல்ங்கிற வார்த்தையையே வெளிய சொல்ல மாட்டோம். வலைக்குப் போறோம்னு சொல்ல மாட்டோம். யாராச்சும் எங்க கெளம்பிட்டீங்கன்னு கேட்டா, "கீரைக்குப் போறோம்"னு சொல்லுவோம். பொண்டாட்டிகிட்டயும் அப்பிடித்தான். திரும்பி வரும்போது, "கீரை பறிச்சாச்சா?"ன்னு கேப்பாங்க. எங்க ஆளுகளைத் தவிர இந்தப் பேச்சு வெளியில ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்றேன், நீங்க நல்ல ஆளா இருக்கீங்க.

எடமும் அப்பிடித்தான். எந்த ஓடை, எந்தச் சரிவு, எப்பன்னு குறிக்கிறது வலைக்காரங்க ரெண்டே பேரு. நானும் சங்கிலியும். மத்த ஆளுகளுக்குக் காட்டுல நடக்கும்போதுதான் தெரியும். எங்க மூத்தவரு சின்னாண்டி சித்தப்பாவுக்கே சொல்ல மாட்டோம். அப்பிடி ஒரு கட்டு.

அந்தக் கட்டைத்தான் தம்பி அவன் அறுத்துட்டான். கூடவே திரிஞ்சவன். எந் தங்கச்சிய நான் கையைப் பிடிச்சுக் குடுத்தவன்.

சொல்றேன், மொதல்ல இருந்து சொல்றேன். நீங்க கேட்டதுக்கு அப்பறம் பாதியில விட முடியாது.

சங்கிலி நல்ல வேட்டைக்காரன்தான், அதுல ஒண்ணும் குறை சொல்ல மாட்டேன். என்ன, பேச மாட்டான். காட்டுல மட்டும் இல்ல, வீட்டுலயும் பேச மாட்டான். பத்து வார்த்தை நான் பேசுனா "ம்" அப்பிடின்னு ஒண்ணு வரும். நான் என்ன நெனச்சேன்னா, அடக்கமான பயன்னு நெனச்சேன். உள்ள ஒண்ணு வச்சுருக்குறவன்தான் பேச மாட்டான்னு இப்பத்தான தெரியுது.

அவனுக்கு எடது காலு கொஞ்சம் சாஞ்சு வரும். அது பன்னி குத்துனது. அதையும் சொல்லிருறேன், உங்களுக்குப் பிரயோசனப்படும். பன்னி அடிபட்டு ஓடுனா பின்னால ஓடக் கூடாது. அது கொஞ்ச தூரம் போயி, வந்த தடத்துக்கே சுத்தி வந்து நிக்கும். சத்தம் காட்டாம ஒரு மரத்துல சாஞ்சு நிக்கணும். அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் அப்பிடித்தான் நின்னோம். பன்னி எங்களைப் பாக்காம ஒதுங்கித்தான் போச்சு. எனக்குப் பாத்ததும் மனசு தாங்கல, "ஏ மாப்ள, அந்தா போகுது!"ன்னு ஒரு சத்தம் குடுத்துட்டேன். ஒரே ஒரு சத்தந்தான். அது அப்பிடியே திரும்பி என்னைப் பாத்து வந்துருச்சு. இந்தக் கிறுக்குப்பய என்ன பண்ணுனான், குறுக்க பாஞ்சு விழுந்தான். தொடையைக் கிழிச்சுட்டுப் போயிருச்சு. யாரு அவனைக் குறுக்க பாயச் சொன்னா? நான் ஒதுங்கிருப்பேன்ல. ஆஸ்பத்திரியில கேட்டப்ப மாட்டுக் கொம்பு குத்திருச்சுன்னு அவந்தான் சொன்னான். நான் சத்தம் குடுத்ததை ஊருல யார்கிட்டயும் சொல்லலைதான். அதுவும் எனக்கு இப்ப சந்தேகமா இருக்கு, ஏன் சொல்லாம இருந்தான்னு.

நாயையும் அவந்தான் குடுத்தான். மின்னின்னு பேரு. கன்னிச் சாதி வேட்டை நாய், ஒடம்பு கயிறு மாதிரி இருக்கும். எங்க பக்கம் நாயை விக்கிறது இல்ல. குட்டியைக் குடுக்குறவன் ஒரு படி கம்பு வாங்கிக்கிட்டுக் கையில குடுத்துருவான், அம்புட்டுத்தான். அதுக்கு அப்பறம் அந்த நாயி மேல அவனுக்குப் பாத்தியதை கெடையாது. அந்த மின்னி இப்ப எங்க படுத்துருக்கு தெரியுமா? அவன் வீட்டு வாசல்ல. நான் கறிச்சோறு வச்சாலும் மோந்து பாத்துட்டு அங்கிட்டுப் போயிருது. நாயே துரோகம் பண்ணும்போது மனுசன் பண்ண மாட்டானா?

போன மாசி மாசம். பழைய வலை இத்துப் போச்சு, புதுசாப் பின்னலாம்னு டவுனுக்கு நூல் வாங்கப் போனேன். நைலான் வேணாம், பளபளன்னு இருக்கும், வெளிச்சத்துல முயலுக்குத் தெரிஞ்சு போகும். பருத்தி நூலுக்குப் புளியங்கொட்டைப் பசை போட்டுக் காய வைக்கணும். நூல் கட்டோட இதே பஸ்ஸுலதான் திரும்பி வந்தேன். இதே மாதிரி ஜன்னல் ஓரம். பக்கத்துல ஒருத்தரு உக்காந்திருந்தாரு, உங்களை மாதிரியே. கண்ணாடி போட்டுருந்தாரு, பாலீஷ் போட்ட ஷூ. என்ன நூல் அண்ணாச்சின்னு மரியாதையாக் கேட்டாரு. அடடா, அவரை மாதிரி ஒரு ஆளை நான் பாத்தது இல்ல தம்பி. ஒவ்வொண்ணையும் கேட்டாரு. புழுக்கையைக் கேட்டாரு, காத்தைக் கேட்டாரு. நம்ம ஊருல யாரு இப்பக் காது குடுத்துக் கேக்குறா? வீட்டுல வாயைத் தொறந்தாலே எம் பொண்டாட்டி டிவி சத்தத்தைக் கூட்டி வச்சுருவா. அவரு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாரு. ஒருக்க சொன்னதை மறுக்கச் சொல்லச் சொல்லிக் கேட்டாரு. எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு. டிக்கெட்டைக்கூட அவரே எடுத்துட்டாரு, நான் எம்புட்டோ சொன்னேன். அப்பிடிப்பட்ட தங்கமான மனுசங்களும் இருக்காங்க, சங்கிலி மாதிரி ஆளும் இருக்கான். அதைச் சொல்ல வந்தேன்.

வலையைப் பின்னி முடிச்சு, செவக்காட்டுச் சரிவுக்குப் போறதுன்னு நானும் சங்கிலியும் மொதல்லயே குறிச்சு வச்சுருந்தோம். அமாவாசை கழிச்சு மறு வெள்ளிக்கெழமை, வெளுக்கும்போது. ஒத்தப் புளியமரத்துப் பக்கமா ஏறணும். தெரிஞ்சது ரெண்டு பேருக்கு. அவனுக்கும் எனக்கும்.

வெள்ளிக்கெழமை விடியக்காலம் இருளாயி வந்து நிக்கிறா. "அண்ணே, பிள்ளைக்கு மேலு சுடுது, அவரு வரலையாம், நீங்க போயிட்டு வாங்க"ன்னு. யாழினி, எந் தங்கச்சி மக, ஒரே பிள்ளை. சரி பிள்ளைக்குத்தான முடியலன்னு நான் மத்த மூணு பேரைக் கூட்டிக்கிட்டுப் போனேன். மின்னியும் வந்துச்சு. வலையை விரிச்சுக் கடைசிக் குச்சிய ஊண்டல. அதுக்குள்ள புளியமரத்துக்குப் பின்னால இருந்து டார்ச்சு வெளிச்சம். வனத்துறை ஆளுக. அம்புட்டுப் பேரும் எங்களுக்கு முன்னாடியே வந்து உக்காந்துருக்காங்க தம்பி! நாங்க எங்க ஏறுவோம், எங்க வலை கட்டுவோம், எல்லாம் தெரிஞ்சு. ஒரு முயல்கூட விழுகல, ஆனா வலை கையும் களவுமா மாட்டிக்கிருச்சு.

அதுல ஒரு அதிகாரி வந்தாரு. வந்து எம் மூஞ்சியில லைட்டை அடிச்சுக் கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி. "என்ன அண்ணாச்சி, கீரை பறிச்சாச்சா?"

அந்தப் பேச்சு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? சொல்லுங்க. உள்ளாளு சொல்லாம எப்பிடித் தெரியும்? எடம் தெரிஞ்சது ரெண்டு பேருக்கு. ஒருத்தன் நான், அங்க லைட்டு வெளிச்சத்துல நிக்கிறேன். இன்னொருத்தன் பிள்ளைக்குக் காய்ச்சல்னு வீட்டுல இருக்கான். நானா சொல்லுவேன்? ஊருக்கே வாயைக் கட்டச் சொல்லிக் குடுத்தவன் நான்.

கேட்ட அதிகாரி பெறகு ஜீப்புக்கு அங்கிட்டுப் போயிட்டாரு. எம் மூஞ்சியைப் பாக்கவே இல்ல. அவருக்கே என்னமோ கூச்சம்போல.

இதைவிடக் கொடுமையைக் கேளுங்க. எங்களை ஆபீசுல கொண்டு போயி வரிசையா உக்கார வச்சு, வலை யாருதுன்னு கேக்குறாங்க. வலைக்காரன் மேலதான் கேசு, மத்தவங்களை எழுதி வாங்கிட்டு விட்டுருவாங்க. நான் என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன். எனக்குச் சக்கரை இருக்கு, வேளா வேளைக்கு மாத்திரை போடணும். அப்பப் பாத்து வாசல்ல சங்கிலி. நொண்டிக்கிட்டே வர்றான். மின்னிதான் ஓடிப்போயி அவன் வேட்டியைப் பிடிச்சு இழுத்துச்சாம், அதைப் பாத்துட்டு விசாரிச்சு வந்துருக்கான். வந்தவன் யார்கிட்டயும் ஒண்ணும் கேக்கல. "வலை என்னுதுய்யா. இவரை நாந்தான் வரச் சொன்னேன். இவரு வயசானவரு, விட்டுருங்க"ன்னு சொன்னான். வாழ்க்கையில அவன் அம்புட்டு நீளமாப் பேசி நான் கேட்டதே இல்ல.

நீங்களே சொல்லுங்க தம்பி. குத்தம் பண்ணாத ஒருத்தன், காட்டுப் பக்கமே வராத ஒருத்தன், தானா வந்து கையை நீட்டுவானா? மனசு உறுத்தாம வருவானா? அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இவந்தான்னு. ரெண்டு வாரம்போல உள்ள இருந்தான். நான் வீட்டுல இருந்தேன். ஒரு நாள்கூட எனக்குச் சோறு எறங்கல, இப்பிடி ஏமாந்துட்டமேன்னு.

வெளிய வந்தான். நேரா எங்க வீட்டுக்குத்தான் வந்தான். நான் எந்திரிக்கல. கேட்டேன். "ஏன் மாப்ள காட்டிக் குடுத்த?"ன்னு. அவன், "சாப்டீங்களா மச்சான்?"ன்னு கேட்டான். ஆமா இல்லன்னு ஒரு பதிலு உண்டா? சாப்டீங்களாவாம். பெறகு போயிட்டான். மின்னியும் பின்னாலயே போயிருச்சு.

நான் சும்மா விடல. சின்னாண்டி சித்தப்பாகிட்ட பிராது வச்சேன். ஊரு பூராவும் சொன்னேன். டீக்கடையில சொன்னேன், ரேஷன் கடையில சொன்னேன், இந்தப் பஸ்ஸுல வர்ற கண்டக்டருக்குக்கூடத் தெரியும், கேட்டுப் பாருங்க. சங்கிலிய யாரும் இப்பக் காட்டுக்குக் கூப்புடுறது இல்ல. வேட்டைக் கறியில பங்கும் கெடையாது. அவன் கடந்து போனா ஆளுக பேச்சை நிறுத்திருவாங்க. நல்லா வேணும்.

எங்க ஊருல இதுக்கு ஒரு வழி இருக்கு. வேட்டைக்காரசாமி கோயில்ல சூடம் அணைக்கணும். குத்தம் சொல்றவன் சூடத்தை ஏத்துவான். குத்தம் சுமக்குறவன், "நான் பண்ணல"ன்னு சொல்லி அதை உள்ளங்கையால அணைப்பான். பொய் சொல்லி அணைச்சா சாமி அவனைக் கேக்கும். பொய்யாக் குத்தம் சொல்லி ஏத்துனாலும் விடாது, ஏத்துன கையைக் கேக்கும், கை வெளங்காமப் போயிரும். எங்க சின்னாண்டி சித்தப்பா அதை எனக்கு மூணு தடவை எடுத்துச் சொன்னாரு. எனக்கென்ன பயம்? நானா சொன்னேன்?

அவன் மாட்டேன்னுட்டான். "நீங்க நம்பலைன்னா சாமி சொன்னாலும் நம்ப மாட்டீங்க மச்சான்"னான். பாத்தீங்களா, பயம். ஊரே நம்பிருச்சு அன்னைக்கு.

ஆனா வர்ற மாசம் யாழினிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான குத்தணும்? அந்தப் பிள்ளைக்கு இருக்குற மாமன் நான் ஒருத்தன். இருளாயி வந்து வாசல்ல உக்காந்துட்டா. "அண்ணே, மடி குடுக்க வருவீங்களா மாட்டீங்களா?"ன்னு. அவ அழுதா எனக்குத் தாங்காது, சின்னதுல இருந்து என் தோள்ல கெடந்தவ. ஆனா விட்டுக் குடுக்க முடியுமா? "உம் புருசன் சூடம் அணைக்கட்டும், வர்றேன்"னு சொல்லிட்டேன். "இல்லைன்னா எம் மடி கெடையாது. வேற எவன் மடியிலயாச்சும் உக்கார வச்சுக்க"ன்னேன். மாமன் உசுரோட இருக்கும்போது வேற மடியில உக்கார வைக்கிறது எம்புட்டுப் பெரிய பேச்சு தெரியுமா. சொல்லிட்டேன். அவ எந்திரிச்சுப் போனா. அதுக்கு அப்பறம் என்னை அண்ணேன்னு கூப்புடல.

அடுத்த நாளு சங்கிலி சொல்லிவிட்டான். "எம் பிள்ளைக்கு மாமன் மடி வேணும், அதுக்காக வர்றேன்"னு. இன்னைக்குச் சாயந்தரம். அதுக்குத்தான் இந்தச் சூடம். ஊருக் கடையில விக்கிறதுல மெழுகைக் கலந்துருக்கான், சத்தியத்துக்குக் கலப்பு ஆகாது. பஸ்ஸை விட்டு எறங்குனதும் நானும் அவனும் சேந்துதான் கோயிலுக்கு நடக்கணும். குத்தம் சொல்றவனும் சுமக்குறவனும் ஒண்ணா நடந்து போகணும், வழியில ஒரு வார்த்தை பேசக் கூடாது. அது முறை.

அந்தா, கல்லுப்பாலம் வந்துருச்சு. அடுத்த ஸ்டாப்பு என்னுது.

என்ன கேக்குறீங்க? எந்த ஆளு? ஓ, நூல் வாங்கிட்டு வந்தப்ப உக்காந்திருந்தாரே, கண்ணாடிக்காரரு. அவரு எங்க எறங்குனாரா? அதை எல்லாம் யாரு தம்பி கவனிச்சா.

இருங்க. எனக்கு முன்னாடியே எறங்கிட்டாரு. ஆமா, கைகூடக் குடுத்துட்டுப் போனாரு. அணைக்கட்டுல. நாம இப்பத் தாண்டி வந்தமே, வனத்துறை செக்போஸ்ட்டு, அங்க. கம்பைத் தூக்கி விடுறவன் அவருக்கு ஒரு சல்யூட்டு வச்சான். நான்கூட ஜன்னல் வழியாப் பாத்துட்டு, பெரிய எடத்து மனுசன்போல இருக்கு, நம்மகிட்ட எம்புட்டு எளிமையாப் பேசுனாருன்னு நெனச்சேன்.

அங்க அவருக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் இருப்பாங்க.

இருக்கக் கூடாதா? ஏன் தம்பி அப்பிடிப் பாக்குறீங்க.

எடத்தைச் சொன்னேனான்னா... வலையைப் பத்திப் பேசும்போது எங்க கட்டுவீங்க, என்னைக்குக் கட்டுவீங்கன்னு கேட்டாரு. கேட்டாருல்ல. கேக்கும்போது சொல்லாம இருக்க முடியுமா. செவக்காட்டுச் சரிவு நல்ல சரிவு, அதைச் சொன்னாத்தான் மேடு எறக்கம் விளங்கும். புளியமரத்தையும் நாளையும் சொன்னேன்தான். கீரை... கீரையும் சொன்னேன். ரசிச்சுச் சிரிச்சாரு. திருப்பி ஒருக்கச் சொல்லச் சொன்னாரு. அவரும் என்னை அண்ணாச்சின்னுதான் கூப்புட்டாரு.

அந்த அதிகாரி கண்ணாடி போட்டுருந்தாரா? எனக்கென்ன தெரியும்? மூஞ்சியில லைட்டு. வெளுக்காத நேரம். தம்பி, கொஞ்சம் தண்ணி இருந்தா குடுங்க.

இல்ல, ஒண்ணும் இல்ல. இன்னைக்கு மாத்திரை போடல, அதுதான்.

நீங்க சொல்றது சுலபம். போயி எப்பிடிச் சொல்றது? ஊரு பூராவும் சொல்லியாச்சு. மாப்ள, நீ இல்ல, நாந்தான்னு, அதை எந்த வாயால சொல்றது? அவன் உள்ள கெடந்துட்டு வந்தது கெடந்ததுதான. எந் தங்கச்சி எம் மூஞ்சியில முழிப்பாளா? அந்தப் பிள்ளையை எம் மடியில எப்பிடி உக்கார வைப்பா? சூடத்தை நான் ஏத்துறேன், அவன் அணைக்கட்டும். அணைச்சுட்டான்னா குத்தம் இல்லைன்னு ஆயிரும். எல்லாம் சரியாப் போயிரும். யாரு சொன்னாங்கன்னு தெரியாமலே போயிரட்டும். சாமிக்கு நாம எடுத்துச் சொல்லணுமா என்ன.

இந்தக் கைதான் ஏத்தணும். சோத்தாங்கை.

விசில் குடுத்துட்டான். அந்தா நிக்கிறான் பாருங்க, நிழற்கொடைக்கு வெளிய. சாஞ்சு நிக்கிறானே, அவந்தான் சங்கிலி. மின்னியும் நிக்குது பக்கத்துல. மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கிறான், கொடையை விரிக்காமக் கக்கத்துல வச்சுருக்கான் பாருங்க. அது அவனுக்கு இல்ல தம்பி. எனக்கு. சூடம் நனைஞ்சுறக் கூடாதுன்னு கொண்டாந்துருக்கான்.

வர்றேன். தம்பி, ஒண்ணு. வலையைப் பத்தி, முயலைப் பத்தி நான் சொன்னதை நீங்க யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கங்க. எடத்தைக்கூடச் சொல்லிக்கங்க. அந்தக் கண்ணாடிக்காரரு எங்க எறங்குனாருங்கிறதை மட்டும் யார்கிட்டயும் சொல்லிறாதீங்க.